அந்தச் சாட்சிக் கையெழுத்தை இனிமேல் போட மாட்டேன்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆசிரியர் நண்பர்களும் பெண்பிள்ளை வைத்திருப்பவர்களும் பாதியில் விட்டுவிடாமல் முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கி வந்தவன் என் பழைய மாணவன். 1988-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இப்போது சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறான். தலை நரைத்துவிட்டது, ஆனாலும் என்னைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். கூடவே அவன் மகள், அவள் இடுப்பில் நாலு வயதுப் பெண் குழந்தை.

காபி குடித்து முடிக்கிற வரைக்கும் மழையைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசினான். அப்புறம் பைக்குள் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தான். உள்ளே நூறு ரூபாய் முத்திரைத்தாள்.

"டீச்சர், ஒரு சாட்சிக் கையெழுத்து வேணும். எங்க பக்கம் ரெண்டு பேரு போடணுமாம். ஒண்ணு எங்க சித்தப்பா. இன்னொண்ணு நீங்க போட்டா ஊருல ஒரு மதிப்பா இருக்கும்."

வாங்கிப் படித்தேன். 'விடுதலைப் பத்திரம்' என்று தலைப்பு. இருவரும் மனம் ஒத்து இன்று முதல் கணவன் மனைவி என்ற உறவை முறித்துக்கொள்கிறார்களாம். ஒருவர் மறுமணம் செய்துகொண்டால் இன்னொருவர் ஆட்சேபிக்கக் கூடாதாம். பெண் வருங்காலத்தில் ஜீவனாம்சம் கேட்க மாட்டாளாம். போட்ட 15 பவுனில் 8 பவுன் திரும்பி வருமாம். குழந்தை ஐந்து வயது முடியும்வரை தாயிடம் இருக்கும், அதன் பிறகு தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டுமாம்.

நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட மாட்டேன்ப்பா" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப்போய்விட்டது. "என்ன டீச்சர், நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்றான். ஏன் போட மாட்டேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்றைக்கு அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

1999-ல் இதே மாதிரி ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்போது இருபது ரூபாய் முத்திரைத்தாள். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருப் பெண். கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை குடித்துவிட்டு அடிப்பார். பிள்ளை இல்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, "எங்க ஆளுகள்ல அத்துவிடுறது காலங்காலமா உள்ளதுதான்" என்று பேசி முடித்தார்கள். படித்தவர் ஒருவர் கையெழுத்து இருக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பிள்ளை அடிவாங்காமல் தப்பித்தால் போதும் என்று போட்டேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து அவளுக்கு இரண்டாவது கல்யாணம் நடந்தது. அவர் அரசு அலுவலகம் ஒன்றில் இரவுக் காவலர். தங்கமான மனிதர். ஒரு மகள் பிறந்தாள். 2014-ல் அவர் மாரடைப்பில் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டாள். அவருடைய அண்ணன் தம்பிகள் ஆட்சேப மனு கொடுத்தார்கள். "இவளுக்கு முதல் புருஷன் உயிரோடு இருக்கிறான், கோர்ட்டில் விவாகரத்து ஆகவில்லை, இவள் எங்கள் தம்பிக்குச் சட்டப்படி மனைவியே இல்லை" என்று. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அந்த இருபது ரூபாய்த் தாளை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் சாட்சி நான்.

சம்மன் வந்தது. ஓய்வுபெற்ற புதிது. முப்பத்தெட்டு வருடம் வகுப்பறையில் நின்றவள், கூண்டில் நின்றபோது கால் நடுங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். "அம்மா, நீங்கள் ஆசிரியை. விவாகரத்து கொடுக்க வேண்டியது நீதிமன்றம் என்று உங்களுக்குத் தெரியாதா?" அடுத்து, "அந்தச் சமூகத்தில் இப்படி அத்துவிடும் வழக்கம் உண்டு என்கிறீர்களே, நீங்கள் அந்தச் சமூகமா? இதற்கு முன் எத்தனை பேருக்கு அப்படி நடந்து பார்த்திருக்கிறீர்கள்?" என்னிடம் பதில் இல்லை.

இந்து திருமணச் சட்டம் 1955-ல் 29-வது பிரிவு, வழக்கப்படியான மணமுறிவை ஏற்றுக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாக, விடாமல் இருந்து வருகிறது என்று யார் சொல்கிறார்களோ அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது. கோர்ட்டுக்குப் போகாமல் இருப்பதற்காக எழுதிய தாளை, கடைசியில் கோர்ட்டில் வைத்துத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பதினைந்து இருபது வருடம் கழித்து, சாட்சிகளில் பாதிப் பேர் செத்துப்போன பிறகு.

அவளால் நிரூபிக்க முடியவில்லை. முதல் திருமணம் செல்லும் என்றால் இரண்டாவது செல்லாது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் குறை வைக்கவில்லை, 16-வது பிரிவு அந்தப் பிள்ளையைச் சட்டபூர்வமான வாரிசு என்றே சொல்கிறது. அதனால் மகளுக்குப் பணம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. பன்னிரண்டு வருடம் அவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு ஒன்றுமில்லை. இப்போது தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வழியில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா டீச்சர்" என்று கேட்பாள். அவள் கேட்கிற அந்தக் கேள்விக்கு நான் இன்னும் நிமிர்ந்து பதில் சொன்னதில்லை.

முத்திரைத்தாளில் எழுதினால் விவாகரத்து ஆகாது. நோட்டரி வக்கீல் சீல் வைத்தாலும் ஆகாது. நோட்டரிகள் திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதிச் சான்று கொடுக்கக் கூடாது என்று மத்திய சட்ட அமைச்சகமே 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்து 'பிரிந்து வாழ்கிறோம்' என்று எழுதி வாங்குகிறார்களே, அதுவும் விவாகரத்து இல்லை. 1992-ல் மகளிர் காவல் நிலையங்கள் வந்தது பெண்களுக்குப் பெரிய உதவிதான், நான் மறுக்கவில்லை. அடி உதைக்கும் மிரட்டலுக்கும் அங்கே போகத்தான் வேண்டும், மனு ரசீதும் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் திருமணத்தை முறிக்கவோ, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லவோ காவல் நிலையத்துக்கு அதிகாரம் இல்லை.

இதையெல்லாம் என் மாணவனிடம் சொன்னபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி. "கோர்ட்டுன்னா வக்கீலுக்கு அம்பதாயிரம் கேப்பாங்க டீச்சர். வருஷக்கணக்கா இழுக்கும். சின்னவளுக்கு வேற மாப்பிள்ளை பாக்கணும். கோர்ட்டு வாசப்படி ஏறுன குடும்பம்னு சொல்லிர மாட்டாங்களா?"

கோர்ட் வாசப்படியைப் பற்றிய பயத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. பணத்தைப் பற்றிய பயத்துக்கு இருக்கிறது. சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் என்று 1987-ல் ஒன்று போட்டார்கள், 1995-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் என்றால் ஆணுக்கும் அப்படியே. மற்ற ஆண்களுக்கு ஆண்டு வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், மனு தயாரிக்கிற செலவு எல்லாம் ஆணைக்குழுவே பார்த்துக்கொள்ளும். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு, மாவட்ட கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. போனில் கேட்பதென்றால் 15100.

"நெசமாவா டீச்சர்? எவ்வளவு சம்பாரிச்சாலும் பொம்பளைக்கு ஃப்ரீயா?" என்று அந்தப் பிள்ளை முதல் முறையாக வாயைத் திறந்தாள். அவள் பி.காம். படித்தவள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் தலைமையாசிரியையாக இருந்தபோது எங்கள் பள்ளியிலேயே சட்ட விழிப்புணர்வு முகாம் நடந்தது. நீதிபதி வந்தார். நான்தான் வரவேற்புரை. சால்வை வந்துவிட்டதா, மைக் வேலை செய்கிறதா, பிள்ளைகள் சத்தம் போடாமல் இருக்கிறார்களா, வந்தவர்களுக்கு டீயும் வடையும் பத்துமா என்பதிலேயே என் கவனம் முழுக்க இருந்தது. நீதிபதி சொன்னதில் ஒரு வார்த்தை என் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தால் என்னிடம் வந்து அழுத எத்தனையோ தாய்மார்களுக்கு வழி சொல்லியிருப்பேன். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை என்று முட்டி போட வைத்த காலத்தில், எனக்கு இது தெரியவில்லை.

சரி, மறுநாள் திங்கட்கிழமை மூவரும் கிளம்பினோம். எங்கள் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதில் ஏமாந்துபோவதுண்டு. வேனிலேயே போனோம்.

அங்கே போனதும் உடனே கேஸ் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. மனுவை வாங்கிக்கொண்டு, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்காக மாப்பிள்ளை வீட்டாருக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். ஒரு இளம் பெண் வழக்கறிஞரை ஒதுக்கினார்கள். அந்தப் பெண் முதலில் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. தகப்பனையும் என்னையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைத் தனியாகக் கேட்டிருக்கிறார்: "உனக்கு என்னம்மா வேணும்?" அதுவரைக்கும் அவளை யாருமே அதைக் கேட்கவில்லையாம். நானும் கேட்கவில்லை.

அவளுக்கு விவாகரத்து வேண்டுமா என்றே இன்னும் தெரியவில்லை. அவளுக்கு உடனடியாக வேண்டியது மூன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது. எல்.கே.ஜி. ஃபீஸும் பால் செலவும் வர வேண்டும். நகை திரும்ப வேண்டும். இந்த மூன்றுக்கும் விவாகரத்து வழக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை என்று அந்த வழக்கறிஞர் சொன்னார். சட்ட உதவி கேட்டுப் போனாலே தாலியைக் கழற்றத்தான் போகிறோம் என்று நம்மூரில் நினைக்கிறார்கள். தாலி கழுத்தில் இருக்கும்போதே கேட்கக்கூடியவைதான் இதெல்லாம்.

ஜீவனாம்சம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 125-வது பிரிவு என்று எல்லோருக்கும் தெரியும். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் அது 144-வது பிரிவு. எந்த மதமானாலும் கேட்கலாம். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இதில் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருக்கிறது. 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்று ஒரு தீர்ப்பு. அதில் இரண்டு விஷயம் சொன்னார்கள். இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். "எனக்குச் சம்பளமே இல்லை" என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. இன்னொன்று, ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்கு. தீர்ப்பு எப்போது வந்தாலும் சரி, மனுப் போட்ட நாளிலிருந்து. இவள் பிறந்த வீட்டுக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்கள் பேசிப் பேசி அந்தப் பதினொரு மாதக் காசும் போச்சு.

எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்க முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் நம்புகிறார்கள். குழந்தைக்குத் தகப்பன் கொடுக்க வேண்டிய ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு என்ன அதிகாரம்? அவள் பத்துத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது.

அடுத்தது அந்த ஐந்து வயது. "அஞ்சு வயசு முடிஞ்சா பிள்ளை அப்பனுக்குத்தான், சட்டமே அப்படித்தான்" என்று ஒரு குமாஸ்தா சொன்னாராம். இதை நான் பணியில் இருந்தபோதே நூறு முறை கேட்டிருக்கிறேன். 1956-ம் வருடத்து இந்து இளவர் சட்டம் சொல்வது இவ்வளவுதான்: ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். ஐந்து முடிந்த மறுநாள் தகப்பனிடம் ஒப்படை என்று எங்கும் சொல்லவில்லை. அதே சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார். தகப்பன்தான் இயற்கைக் காப்பாளர், அவருக்குப் பிறகு தாய் என்று சட்டத்தில் இருந்த வாசகத்துக்கும் 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு பொருள் சொல்லிவிட்டது. தகப்பன் செத்தால்தான் தாய் என்று அர்த்தமில்லை, அவர் பிள்ளையைக் கவனிக்காமல் ஒதுங்கிவிட்டாலும் தாய் காப்பாளர்தான்.

பிள்ளை விஷயத்தில் ஆண்கள் பக்கமும் பேச வேண்டும். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பில் ஒரு பையன். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் மணி அடிக்கிற நேரத்துக்கு அவன் அப்பா கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பார். கையில் சேவு பொட்டலம். அம்மா என்னிடம் வந்து, "அந்த ஆளை உள்ள விடாதீங்க டீச்சர், பிள்ளையைப் பாக்கவே கூடாது" என்றாள். "கோர்ட் ஆர்டர் இருக்காம்மா?" என்றேன். இல்லை. ஆர்டர் இல்லாதவரை பள்ளிக்கூடத்துக்கு இருவருமே பெற்றோர்தான். வெளியே அழைத்துப் போகக் கூடாது, என் முன்னால் பத்து நிமிடம் பேசலாம் என்று ஏற்பாடு செய்தேன். அவள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பையன் சேவைத் தின்ன மாட்டான். டிராயர் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் தீர்த்துவிடுவான், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. சட்டைப்பையில் எண்ணெய்க் கறை பட்டதற்கு ஒரு நாள் அடி வாங்கினான்.

தகப்பனுக்குப் பிள்ளையைப் பார்க்கும் நேரம் இவ்வளவு என்று ஒரு உத்தரவு இருந்திருந்தால் அந்தப் பையன் சேவை ஒளித்துத் தின்றிருக்க வேண்டியதில்லை. உத்தரவு என்றால் தாய்க்குப் பாதகம் என்று நினைக்கிறார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் கொண்டுவிடுவது என்று எழுத்தில் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. ஜீவனாம்சம் கொடுக்காததால் பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்பதும், பிள்ளையைக் காட்டாததால் பணம் தர மாட்டேன் என்பதும் இரண்டுமே தப்பு. கோர்ட்டில் இரண்டும் வேறு வேறு கணக்கு.

இங்கே ஆசிரியர் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மா பிள்ளையோடு பிறந்த ஊருக்கு வந்துவிடுகிறாள். பழைய பள்ளியில் டி.சி. கேட்டால், "அப்பா வந்து கையெழுத்துப் போடட்டும்" என்று அலையவிடுகிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படிச் செய்தவள்தான், வம்பு வேண்டாமே என்று. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 5-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாற்றிக்கொண்டு போகிற பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே சான்றிதழ் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. எட்டாம் வகுப்பு வரை இதுதான் சட்டம். பெற்றோர் சண்டை தீர்கிறவரை பிள்ளையை எமிஸ் காமன் பூலுக்கு அனுப்பாமல் பிடித்து வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டு மாதம் பள்ளிக்கு வராத பிள்ளை திரும்ப வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்துவது என்றால் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். குடியிருந்த வீட்டில் தொடர்ந்து இருக்கும் உரிமை, நகை, குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்வது, செலவுக்குப் பணம் எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். அவசரத்துக்கு 181.

பிரிவது என்று இருவரும் உண்மையாகவே முடிவு செய்துவிட்டால் அதற்கும் நேர்வழி இருக்கிறது. 13பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இருவரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தையும் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருடத்துச் சட்டத்தில் 2001-ல் இதே மாதிரி ஒரு வழி சேர்த்தார்கள். 8 பவுனை எண்ணிக் கொடுத்து, இரண்டு பக்கமும் பெரியவர்களைக் கூட்டி, சாப்பாடு போட்டு அத்துவிடுகிற செலவில் இதைச் செய்துவிடலாம். மனைவி வழக்குப் போடுவதாக இருந்தால் அவள் குடியிருக்கிற ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், மாப்பிள்ளை ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 2003-ல் வந்த திருத்தம் இது.

இலவச சட்ட உதவியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்னொரு ஊரில் என் தோழி மகளுக்கு ஒதுக்கிய வக்கீல் நாலு வாய்தாவுக்கு வரவில்லை. ஐந்தாவது வாய்தாவில் "டைப்பிங்குக்கு" என்று இரண்டாயிரம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கொடுத்துவிட்டாள். கொடுத்திருக்கக் கூடாது. ஆணைக்குழு வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கலாம், வேறு வக்கீல் கேட்கலாம். செயலாளர் என்பவர் ஒரு நீதிபதி. ஆனால் கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? கோர்ட் வளாகத்துக்குள் நுழைந்ததும் நாலு குமாஸ்தாக்கள் "என்ன கேஸும்மா?" என்று சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்களைத் தாண்டி, உள்ளே எங்கேயோ இருக்கிற அலுவலகத்தை அவள் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் அங்கே வந்து சேர்வதற்குள் வேறு யாரிடமாவது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ரேஷன் கடைச் சுவரில் புகார் எண் எழுதியிருக்கிறது. பேருந்தில் எழுதியிருக்கிறது. அங்கன்வாடியில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், பள்ளிக்கூட வாசலில் 15100 என்று பெயிண்டில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? வருடத்துக்கு ஒரு முறை சால்வை போட்டு முகாம் நடத்துவதைவிட அது மேல் என்பது என் கருத்து.

அந்தப் பிள்ளைக்குச் சொன்ன சில்லறை விஷயங்களையும் எழுதிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, குழந்தையின் பிறப்புச் சான்று, நகை வாங்கிய பில், சீர் எழுதிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வை. அசலை யாரிடமும் கொடுக்காதே, ஜெராக்ஸ் கொடு. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதே, அப்பா சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி. மனுவின் நகல் ஒன்று உன்னிடம் இருக்க வேண்டும். கேஸ் நம்பர் வந்ததும் போனில் இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது என்று நீயே பார்த்துக்கொள்ளலாம். போனில் வந்த மிரட்டல் மெசேஜை அழிக்காதே. கோபத்தில் நீயும் ஒன்று அனுப்பாதே.

சமரசப் பேச்சுக்கு மாப்பிள்ளை முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறை அவர் அம்மாவோடும் தாய்மாமனோடும் வந்தார். தாய்மாமன்தான் முழுக்கப் பேசினார். சமரசம் செய்துவைத்தவர் அவரை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் அந்தப் பையன் வாயைத் திறந்தான். குழந்தையை மாதம் இரண்டு ஞாயிறு பார்ப்பதென்று எழுத்தில் ஒப்புக்கொண்டான். ஐந்து வயதில் ஒப்படைக்கும் பேச்சு அதோடு நின்றது. நகை விஷயம் பாதியில் நிற்கிறது. பணம் தர முடியாது என்றுவிட்டான். அதனால் ஜீவனாம்ச மனு போட்டாகிவிட்டது. போன ஞாயிறு வந்து குழந்தையோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனானாம். பலூன் வாங்கிக் கொடுத்தானாம். குழந்தை அதை என்னிடம் கொண்டுவந்து காட்டியது.

அந்த நூறு ரூபாய் முத்திரைத்தாள் இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. அவன் திரும்பக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இன்னொரு செய்தி. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர் என்று ஆட்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேரலாம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். 66 வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். காலையில் வாக்கிங் போய்விட்டு டீக்கடை பெஞ்சில் அகவிலைப்படியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நான் எழுதியதில் சட்டப் பிழை இருந்தால் வழக்கறிஞர் நண்பர்கள் திருத்துங்கள், பதிவில் சேர்த்துவிடுகிறேன்.

ஜீவனாம்ச மனுவுக்கு வரும் வியாழக்கிழமை முதல் வாய்தா. பத்து மணிக்கு வேன் வருகிறது, நானும் போகிறேன்.